பதிமூன்று நாள் கணக்கு

முதலில் தெரிந்தது எடைமேடையில்தான்.
விடிகாலை நாலே முக்கால்.
பரதராமி டிராக்டர் மேடையேறி நின்றது,
ஏழு டன் என்று சிவப்பு எண் காட்டியது,
சீட்டு மட்டும் வரவில்லை.
முனிரத்தினம் பிரிண்டரை இரண்டு தட்டுத் தட்டினார்.
எல்லா நோய்க்கும் அவரிடம் அந்த ஒரு மருந்துதான்.

திரை பதில் சொன்னது, ஆங்கிலத்தில்,
ரொம்ப மரியாதையாக:
உங்கள் கோப்புகள் பத்திரம்,
பூட்டி வைத்திருக்கிறோம்,
எழுபத்திரண்டு மணி நேரம் தவணை.
கீழே ஒரு கடிகாரம் இறங்கிக்கொண்டிருந்தது.

ஜூன் மாதம், குடிபாலா வெயில்.
தார்ப்பாய்க்கடியில் கிளிமூக்கு மாங்காய்
அவ்வளவு தவணை தராது.
கூழாலை வாசல் தாண்டி நெடுஞ்சாலை வரை வரிசை,
இரண்டு மொழியிலும் வசவு.

வாசலில் கஜபதி இருக்கிறார்.
வண்டிக்கு அடியில் கண்ணாடி விட்டுப் பார்ப்பார்,
முதலாளியின் மைத்துனரைக்கூடக்
கையெழுத்தில்லாமல் விட்டவரில்லை.
வந்தவன் வாசல் வழியாக வரவில்லை.
எடைமேடைக் கம்பெனிக்காரன்
சென்னையில் இருந்தபடியே பழுதுபார்க்க
போன வருஷம் நான் திறந்துவிட்ட வழி.
நான் வைத்த பாஸ்வேர்டு:
ஆலையின் பெயர், அப்புறம் ஒன்று இரண்டு மூன்று.
மூடவேண்டும் என்று என் டைரியில் மூன்று இடத்தில் இருக்கிறது.
சீசன் முடியட்டும் என்றும்,
அதே மூன்று இடத்தில்.

எல்லாக் கேபிளையும் பிடுங்கினேன்.
பச்சை விளக்குகள் அணைந்த அறையில்
ஏசி சத்தம் மட்டும்.

முதலாளி வந்தார். ரூபாயில் எவ்வளவு என்றார்.
சொன்னேன்.
"கொடுத்தா சாவி தருவானா?"
"தரலாம்."
சிரித்தார்.
"முன்பணம் வாங்கினவன் எப்படி நடந்துக்குவான்னு
எனக்கா தெரியாது, அருள்மொழி?"
வெளியே வரிசையில் நின்றவர்களில் பாதிப்பேருக்கு
போன வருஷ பாக்கியே நிலுவை.

நகலெடுக்க ஒரு டிஸ்க் உண்டு,
இரவுதோறும் தானே எழுதிக்கொள்ளும்.
அதையும் பூட்டியிருப்பான் என்றுதான் போனேன்.
அது செத்துக் கிடந்தது.
பிளக் வெளியே.
அந்தத் துளையில் கஜபதியின் கொசு பேட்
சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது,
பதிமூன்று நாளாக.
திட்டவும் முடியவில்லை,
காலில் விழவும் முடியவில்லை.

அதற்கு முந்தியது எல்லாம் இருந்தது.
பதிமூன்று நாள் இல்லை.
சீட்டைக் கொண்டுவாங்க என்று சொல்லி அனுப்பினோம்.
வந்தன:
பீடிக்கட்டுக்குள்ளிருந்து, செல்போன் உறைக்குள்ளிருந்து,
மாம்பால் பட்டுக் கருத்து,
டேஷ்போர்டு வெயிலில் வெளுத்து,
இலக்கம் பாதி, ஊகம் பாதி.
சுலோசனம்மா மேசையில் வைத்தது
சட்டையோடு துவைத்த ஒரு வெள்ளை உருண்டை.
"நாலு டன் இருநூறு" என்றாள்.
"அன்னைக்கு டயர் பஞ்சர்" என்றார் முனிரத்தினம்.
எழுதிக்கொண்டேன்.
ஒருவர் சீட்டில் மூன்று எட்டாகியிருந்தது, பேனாவால்.
அதையும் எழுதிக்கொண்டேன்,
பக்கத்தில் ஒரு புள்ளி வைத்து.

பதினொரு டன் அழுகியது.
அந்த வாடை ஆடி வரைக்கும் போகவில்லை.

இப்போது எடைமேடைக்குத் தனிக் கம்பி,
அது அலுவலகத்தோடு பேசுவதில்லை.
கம்பெனிக்காரன் ஃபோன் பண்ணிக் கேட்டால்
ஒரு மணி நேரம் திறப்பேன், உட்கார்ந்து பார்ப்பேன், மூடுவேன்.
முதலாளிக்கும் போனில் ஆறு இலக்கம் வராமல்
கணக்கு திறக்காது.
தினமும் ஒருமுறை என்னைச் சபிக்கிறார்.

சனிக்கிழமை மாலை டிஸ்க் உள்ளே வரும்,
நகலெடுத்ததும் வெளியே போகும்.
கஜபதியின் வண்டி ரெஜிஸ்டரில் அதற்கும் ஒரு வரி.
வண்டி எண்: இல்லை.
சரக்கு: கணக்கு.
ஓட்டுநர் என்ற இடத்தில் என் பெயரைத்
தெலுங்கில் எழுதுகிறார்.
அந்த எழுத்தில் ழ கிடையாது,
அருள்மொளி என்றுதான் வாசிக்க வரும்.
திருத்தச் சொல்லவில்லை.
கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே போகிறேன்,
பையைத் திறந்து காட்டு என்கிறார்.